பல்கனியில் இருந்த பதினேழு கூடுகள்

என் செல்லக் குஞ்சு வதனிக்கு,

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. திவசத்துக்கு உன் பேரில் ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கப் போகிறார்கள். முன்னுக்கு உன் படம், பிறகு தேவாரம், அதற்குப் பிறகு ஆளுக்கு இரண்டு மூன்று பக்கம். மருமகன், அதுதான் உன் மனுசன், வந்து, "மாமி, நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் நீ கம்பஸில் படித்த நாலு வருஷமும் உனக்குக் கிழமைக்கு ஒரு கடிதம் போட்டவள் யார்? "என்ரை பிள்ளைக்கு எழுத எனக்கு ஆளின்ரை துணை வேணுமோ தம்பி? ஒரு கொப்பியும் பேனையும் தாங்கோ, காணும்" என்று சொன்னேன்.

ஆகவே இது நானே எழுதுவது. எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்தட்டும், விஷயத்தில் ஒருவரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதை வாசிக்கிற சொந்தபந்தம் எல்லாரும் உன் குணம், உன் கைராசி, நீ படிப்பித்த பிள்ளைகள் என்று நான் எழுதுவேன் என நினைப்பார்கள். அதை உன் சிநேகிதிகள் என்னைவிட வடிவாக எழுதுவார்கள். எனக்கு உன்னிடம் சொல்ல வேறு ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்த இருபத்தெட்டு நாளில் ஏதாவது ஒரு நாள் சொல்லியிருக்க வேண்டியது.

உன் பதினேழு பூச்சியையும் நான்தான் சாகக் கொடுத்தேன், பிள்ளை.

உனக்கு இது ஒரு வரியில் விளங்கிவிடும். மற்றவர்களுக்கு விளங்காது. அவர்களுக்காக நான் முதலிலிருந்து சொல்லுகிறேன். நீயும் கூட இருந்து கேள்.

நீ போகிறதுக்கு முந்தின வருஷம், கோடை முடிகிற நேரம். நீ பக்டறி வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி, எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்குப் பின்னால் மரங்கள் நிற்கிற பள்ளத்துக்குள்ளால் நடந்து வருவாய். அன்றைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவத் தராமல் மேசையில் வைத்துத் திறந்தாய். உள்ளே சோறும் இல்லை கறியும் இல்லை, ஒரு ஓக் இலை. அங்கங்கே கருகின மாதிரி மண்ணிறப் புள்ளி.

"அம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கோ."

"ஏன், ஊசிக்கு நூல் கோக்கவோ?"

"இலையின்ரை பின்பக்கம் பாருங்கோ. என்ன தெரியுது?"

"என்ன, சீரகம் ஒண்டு ஒட்டியிருக்கு. காலமை கறிக்குப் போட்டதாக்கும்."

"சீரகம் நடக்குமோ அம்மா?"

அது நடந்தது. என் கண்முன்னாலே அந்தச் சீரகம் ஒரு பக்கம் சரிந்து, மெல்ல நகர்ந்து, அரை விரல் தூரம் போய் நின்றது. நான் பயந்து கையை இழுத்தேன். நீ சிரித்த சிரிப்பு! இந்த நாட்டுக்கு வந்த பிறகு நீ அப்படிச் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

உள்ளே ஒரு புழு இருக்கிறது என்றாய். ஓக் இலையின் தோலை வெட்டி, வாயால் வருகிற நூலால் பொருத்தி, தனக்கு அளவாய் ஒரு கூடு செய்து, அதற்குள்ளேயே இருக்கும். எங்கே போனாலும் கூட்டைக் காவிக்கொண்டு போகும். பசித்தால் இலையில் ஒரு ஊசி ஓட்டை போட்டு, தலையை மட்டும் உள்ளே விட்டு, மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையிலே இருக்கிற சதையைத் தின்னும். உடம்பு முழுக்க வெளியில் வராது. தலை எட்டுகிற அளவுக்குத் தின்றுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும். அந்த மண்ணிறப் புள்ளி ஒவ்வொன்றும் அது சாப்பிட்டு எழும்பின இடம். கடைசியில் ஒரு சின்னச் சாம்பல் நிற அந்துப்பூச்சியாய் வெளியில் வந்து பறக்கும்.

நீ யார்ட் சேலில், ஆரோ வீட்டு முற்றத்தில் விற்ற பழைய சாமானுக்குள், வாங்கின பூதக்கண்ணாடியை என் கையில் தந்தாய். நான் அந்தக் கூட்டின் ஓரத்தைப் பார்த்தேன். நாற்பது வருஷம் சட்டை தைத்தவள் நான், எனக்குத் தெரியாதா? "உது பொருத்தின இடத்திலை ஒரு சுருக்கம் இல்லையே!" என்றேன். நீ உடனே திரும்பி, "பாத்தீங்களோ, அம்மாவுக்கு விளங்குது" என்று மருமகனிடம் சொன்னாய். ஒரு விலங்கியல் ரீச்சர், பட்டதாரி, என்னைப் பார்த்து அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது.

மருமகன் தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தார். "எங்களைப் போலதான். வீட்டைச் சூட்கேசிலை காவிக்கொண்டு திரியிறார்."

"எல்லாத்துக்கும் அகதிக் கதையை இழுக்காதேங்கோ. அது அகதியில்லை, தன்ரை வீட்டிலைதான் இருந்து சாப்பிடுது" என்று நீ வெட்டினாய்.

நான் அதற்குக் கூட்டுப்புழு என்று பேர் வைத்தேன். கூட்டுப்புழு என்றால் அது வேறு பருவம் என்று நீ திருத்தினாய். பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கூடுகாவி என்று வைத்தோம். அந்தப் பேர் ஒரு புத்தகத்திலும் இருக்காது.

யூனிவேர்சிற்றியில் பூச்சிகளைப் பற்றிப் படிப்பிக்கிற ஒரு புரொபசர் அம்மாவுக்கு நீ படமும் கீறிக் கடிதம் போட்டது இரண்டு கிழமை கழித்து. மறுமொழி வந்த நாளில் நீ சப்பாத்தைக் கழற்றாமலே நின்று அதை மூன்று தரம் வாசித்தாய். பிறகு எனக்குத் தமிழில் சொன்னாய். ஓக்கில் இருக்கிற கூடுகாவியில் ஒன்றைப் போல ஒன்று பல வகை இருக்கிறதாம். கூட்டை மட்டும் பார்த்து இன்னது என்று நிச்சயமாய்ச் சொல்ல ஏலாதாம். குளிர்காலம் முழுக்கக் காப்பாற்றி, அடுத்த கோடையில் பறக்கிற பூச்சியை எடுத்து, நாளும் பொழுதும் எழுதின குறிப்போடு கொண்டு வந்தால், தன் ஆய்வுகூடத்தில் உனக்கு ஒரு இடம் இருக்கிறதா என்று தான் பார்ப்பதாக அந்த அம்மா எழுதியிருந்தா.

படச்சட்டத்துக்கு ஆணி அடிக்கிற பக்டறியில் ஆறு வருஷம் நின்ற பிள்ளை நீ. ஊரில் உனக்கு எழும்பி நின்று வணக்கம் சொன்ன பிள்ளைகள் எத்தனை பேர். இங்கே உன் படிப்பை ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கடிதம்தான் முதலில் கேட்டது. அதனால்தான் சொல்லுகிறேன், அது பூச்சி இல்லை. நீ திரும்பவும் நீயாக ஆகிறதுக்கு இருந்த வழி அது. அதை நான் தெரிந்துகொண்டுதான் இருந்தேன்.

இலை கொட்ட முன்னமே அந்தப் புழுக்கள் தங்கள் கூட்டோடு மரக்கொப்புக்கு நடந்து போய், அங்கே நூலால் தங்களை ஒட்டிக்கொண்டன. நீ அந்தக் கொப்புகளை அளவாய் வெட்டிக்கொண்டு வந்தாய். எண்ணினோம், பதினேழு. யன்னலுக்குப் போட்டிருந்த பழைய வலைச் சீலையில் நான் ஒரு பை தைத்துத் தந்தேன். மண் வாளியில் கொப்பை நட்டு, மேலே பையை மூடி, பத்தாம் மாடிப் பல்கனியின் மூலையில் வைத்தாய்.

தை பிறந்தது. ஒரு நாள் நீ கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே, "அம்மா, வயித்திலை ஒரு சின்னக் கட்டியாம். சின்ன ஒப்பரேசன். ஒரு கிழமையிலை வந்திடுவன்" என்றாய். வெங்காயத்தால்தான் கண்ணீர் என்று நானும் நம்பினேன். உன் மகள் ஆரணியைப் பிக்கரிங்கில் உன் அக்கா வீட்டில் விட்டோம். அவளுக்கு அப்போது எட்டு வயசு. வீட்டில் நானும் மருமகனும்.

போகிற அன்று நீ வாசலில் நின்று சொன்னது ஒரே ஒரு விஷயம். "அம்மா, பல்கனியிலை இருக்கிறதை மட்டும் தொடாதேங்கோ. அதுகளுக்குக் குளிர் வேணும். குளிருக்கை கிடந்தாத்தான் உயிரோடை இருக்கும்."

"ஓம், ஓம். நீ போயிட்டு வா."

நான் ஓம் என்றது உன்னை அனுப்புவதற்கு. என் மனசு ஓம் என்று சொல்லவில்லை. குளிர் வேண்டும் என்று ஒரு சீவன் கேட்குமா? ஐந்து பிள்ளை பெற்று வளர்த்தவள், எத்தனை கோழிக்குஞ்சைச் சாக்குப் போட்டு மூடிக் காப்பாற்றினவள், எனக்குத் தெரியாதது இந்தப் பிள்ளைக்குப் புத்தகத்தில் தெரிந்துவிட்டதா என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் எல்லாத்துக்கும் காரணம்.

ஒப்பரேசன் முடிந்த மூன்றாம் நாள். நான் வரும்போது நீ நடுங்கிக்கொண்டு கிடந்தாய். நேர்ஸ் ஒன்றுக்கு மேல் ஒன்றாய் மூன்று போர்வை போட்டும் உன் பல் அடித்தது. "அம்மா, குளிருது" என்றாய். நான் உன் இரண்டு காலையும் என் கைக்குள் வைத்துத் தேய்த்தேன், தேய்த்தேன், சூடு ஏறவேயில்லை. பின்னேரம் மருமகன் என்னை வீட்டில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனார். அந்தக் கிழமை எப்படிக் குளிர் என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். பல்கனிக் கதவின் பிடியில் ஐஸ் உறைந்து கிடந்தது. கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். வலைப் பையின் மேல் ஸ்னோ. உள்ளே அதுகள் கொப்பில் ஒட்டினபடி, ஒரு அசைவும் இல்லாமல்.

என் பிள்ளையை என்னால் சூடாக்க முடியவில்லை. இதுகளையாவது சூடாக்குவோம் என்று நினைத்தேன். கதவை உடைத்தமாதிரித் திறந்து வாளியைத் தூக்கி உள்ளே கொண்டு வந்து என் அறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

உள்ளே வைத்த ஆறாம் நாள் காலமை ஒரு கூடு நடந்தது. பிறகு இரண்டு. அடுத்த நாலு நாளைக்குள் பதினேழும் எழும்பிவிட்டன. நான் சந்தோஷத்தில் கை தட்டினேன், பிள்ளை. ஒருவரும் இல்லாத வீட்டில் தனியே நின்று கை தட்டினேன். "பாத்தியோ, அம்மா சொன்னது சரியோ பிழையோ?" என்று உன்னிடம் வந்து கேட்க வேண்டும் என்று கோட்டைப் போட்டுவிட்டேன். சப்பாத்தைக் கட்டும்போதுதான் மண்டைக்குள் ஏறினது. எழும்பினதுகள் என்னத்தைத் தின்னும்?

மாசி மாசம். ஓக் மரத்தில் ஏது இலை?

கீரை வைத்தேன். தமிழ்க்கடையில் முருங்கையிலை வாங்கி வைத்தேன். அதுகள் அதன் மேலால் ஏறி இறங்கிப் போயின. பள்ளத்துக்குள் நிற்கிற சின்ன ஓக்கில் பழைய காய்ந்த இலை கொஞ்சம் கொட்டாமல் நிற்குமே, ஞாபகமா? முழங்கால் மட்டும் ஸ்னோவில் இறங்கிப் போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து இளஞ்சுடுதண்ணியில் ஊறப் போட்டேன். நனைந்தது, பச்சையாகவில்லை. ஒரு புழு அதில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தது. அது தலையை எடுத்த விதத்தை நான் இன்றைக்கும் காண்கிறேன். பிறகு மொட்டுக் கொப்பு வெட்டி வந்தேன். மொட்டு கல்லுப் போல இறுகிக் கிடந்தது.

பையின் உச்சிக்கு ஏறும், சுற்றும், இறங்கும். இப்படி நாள் முழுக்க. கூட்டையும் காவிக்கொண்டு. பிறகு ஒவ்வொன்றாய் வாளி மண்ணில் விழத் தொடங்கின. நான் பயந்துபோய் வாளியைத் திரும்பப் பல்கனியில் வைத்தேன். திரும்பக் குளிர் பட்டால் திரும்ப நித்திரையாகும் என்று நினைத்தேன். அது கடைசிப் பிழை. அடுத்த நாள் பின்னேரம் ஒன்றுகூட மிச்சமில்லை.

அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ தலையணையில் சாய்ந்திருந்தாய். முகம் கொஞ்சம் தெளிவாய் இருந்தது.

"அம்மா, என்ரை ஆக்கள் எப்பிடி?"

"நல்ல நித்திரை."

"குளிருக்கைதானே?"

"குளிருக்கைதான். எங்கை போகப் போயினம்?"

"தொடேல்லைத்தானே?"

"எனக்கு வேறை வேலை இல்லையோ பிள்ளை!"

நீ கண்ணை மூடிச் சிரித்தாய். நான் உடனே கதையை மாற்றினேன். "டொக்ரர் என்ன சொன்னவர்?"

"கட்டியை எடுத்தாச்சாம். இனிப் பயமில்லையாம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இதே கேள்வி, இதே மறுமொழி. நீ கேட்பாய், நான் நித்திரை என்பேன். நான் கேட்பேன், நீ பயமில்லை என்பாய். வெளியே மரம் துளிர்க்க முன்னமே நீ போய்விட்டாய்.

செத்தவீடு முடிந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகுதான் மருமகன் எனக்குச் சொன்னார். கட்டி வேறு இடங்களுக்கும் பரவிவிட்டது என்று டொக்ரர் ஒப்பரேசனுக்கு முன்னமே உனக்குச் சொல்லியிருக்கிறார். "மாமிக்குச் சொல்லவேண்டாம் எண்டு சத்தியம் வாங்கினவள்" என்று சொல்லிவிட்டு அவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எங்கள் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும். வருத்தக்காரருக்கு என்ன நோய் என்று சொல்லமாட்டோம், டொக்ரரையும் தனியே கூப்பிட்டுச் சொல்லவேண்டாம் என்று மறிப்போம். உன் அப்பாவுக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். இங்கே டொக்ரர் உனக்கு நேரே சொல்லிவிட்டார், நீ எனக்கு மறைத்தாய். வழக்கம் தலைகீழாய் நடந்தது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் வாசலில் நின்று குளிர் வேண்டும் என்று சொன்னபோதே உனக்குத் தெரியும். கோடையில் அந்தப் பூச்சி பறக்கிறதைப் பார்க்க நீ இருக்கமாட்டாய் என்று தெரியும். தெரிந்துகொண்டு ஏன் ஒவ்வொரு நாளும் கேட்டாய்? யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று நினைத்தாய்? என்னையா?

புரொபசர் அம்மா செய்தி கேள்விப்பட்டு ரெலிபோன் எடுத்தா. மருமகன் கதைத்துவிட்டு ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "மாமி, அந்தக் கொப்பெல்லாம் எங்கை? அவ வந்து எடுக்கலாமோ எண்டு கேக்கிறா" என்றார். நான் உடனே, "காத்துக்குப் பல்கனியாலை கீழை விழுந்திட்டுது" என்றேன். அவர் அதை இங்கிலிஷில் சொன்னார். நான் சொன்ன பொய் அந்த மொழியில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

பிறகு ஆரணி. பிக்கரிங்கால் வந்தவுடன் பல்கனிக்குத்தான் ஓடினாள். "அம்மான்ரை பூச்சியள் எங்கை அம்மம்மா?" நான் அவளுக்கு, அதுகளை யூனிவேர்சிற்றிக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அங்கே கவனமாய்ப் பார்ப்பார்கள் என்று சொன்னேன். தாய் போன பிள்ளைக்கு இதையும் எப்படிச் சொல்லுவது என்று என்னை நானே சமாதானம் பண்ணினேன்.

ஒருவரிடம் மட்டும் உண்மை சொன்னேன், உன் அக்காவிடம். அவள், "அம்மா, பைத்தியமோ? பிள்ளையே போயிட்டுது, புழுவுக்கு அழுறீங்களோ?" என்றாள். அவள் என்னை ஆற்றத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம், வதனி. நீ இருந்திருந்தால் குதித்திருப்பாய். "அம்மா, எத்தினை தரம் சொன்னனான்!" என்று கத்தி, இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருந்திருப்பாய். அந்தக் கோபத்துக்கு உரிமையான ஆள் நீ ஒருத்திதான். நீ போன பிறகு நான் செய்த பிழை ஒருவருக்கும் பிழையாய்த் தெரியவில்லை. அதுதான் என்னைத் தின்றது.

கோடை வந்தது. ஆரணி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனி மாசம் பறக்கும் என்று நீதான் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாய். ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து, இருந்து, கொப்பி ஒற்றையில் ஒரு கடிதம் எழுதினாள். இங்கிலிஷ். எனக்கு வாசித்து விளக்கமும் சொன்னாள். 'என் அம்மாவின் பூச்சிகள் பறந்துவிட்டனவா, அதன் பேர் என்ன என்று கண்டுபிடித்துவிட்டீர்களா, நானும் அம்மம்மாவும் வந்து பார்க்கலாமா.' உன் பழைய கடிதத்தில் இருந்த விலாசத்தைக் கவரில் தானே எழுதி, போஸ்ட் பண்ணச் சொல்லி என் கையில் தந்தாள்.

நான் போஸ்ட் பண்ணவில்லை. என் சாறிகளுக்கு அடியில் வைத்தேன். ஒவ்வொரு நாளும் அவள் கீழே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வருவாள். "அவ பிஸியாக்கும்" என்பாள். ஒரு மாசம், இரண்டு மாசம். பிறகு பார்க்கிறதை விட்டுவிட்டாள். "அம்மாவை அவவுக்கு ஞாபகமில்லைப்போலை" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

வதனி, அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு நரகம் கிடைக்கும்.

மலருக்கு எழுதக் கொப்பியை விரித்தபோது முதல் வரியில் பேனை நகரவில்லை. 'என் மகள் உண்மையானவள்' என்று எழுதப் போனேன். அதை எழுதுகிற கை எப்படிப்பட்ட கை? ஆரணி சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறாள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் பத்து வருஷத்தில் இந்த மலரை வாசிப்பாள். அச்சில் பார்த்து அறிகிறதுக்கு முதல் என் வாயால் அறியட்டும் என்று எழும்பிப் போனேன்.

அவள் மேசையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். கவரை மேசையில் வைத்தேன். அவள் தன் கையெழுத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஹீட்டர், கீரை, சுடுதண்ணியில் ஊறப்போட்ட இலை, எல்லாம்.

"அம்மா டோன்ட் டச் எண்டு சொன்னவா தானே?"

"ஓம்."

"பிறகு ஏன் தொட்டனீங்கள்?"

"குளிருமெண்டு நினைச்சன் குஞ்சு."

"அம்மாக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. தெரியாட்டிக் கேக்கவேணும்!"

"ஓம். கேட்டிருக்கவேணும்."

"செத்துப்போச்செண்டு அம்மாக்குச் சொன்னீங்களோ?"

"இல்லை. நித்திரை கொள்ளுதெண்டு சொன்னன்."

"டெய்லி?"

"ஒவ்வொரு நாளும்."

அவளுக்கு முகம் சிவந்து வந்தது. "உங்களிலை எனக்குச் சரியான கோவம். அம்மான்ரை வேர்க் அது! அம்மான்ரை வேர்க்!" என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். அன்றைக்கு நான் வைத்த புட்டைத் தொடவில்லை. அடுத்த நாளும் பாணைத் தானே எடுத்துச் சாப்பிட்டாள். மருமகன், "விடுங்கோ மாமி, நான் சமாதானம் சொல்லுறன்" என்றார். "வேண்டாம் தம்பி, அவள் கோவிக்கட்டும். அது ஒரு ஆளாவது கோவிக்கவேண்டிய விஷயம்" என்றேன்.

மூன்றாம் நாள் வெள்ளை ஒற்றையும் பென்சிலும் கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். சிரிப்பு இல்லை. "நான் புரொபசருக்கு எழுதப்போறன். நீங்கள் சொல்லுங்கோ. உண்மை மட்டும்" என்றாள்.

எத்தனையாம் நாள் முதலாவது எழும்பினது, ஹீட்டரிலிருந்து எவ்வளவு தூரத்தில் வாளி இருந்தது, என்னென்ன இலை வைத்தேன், எதில் தலையை விட்டது, எது முதலில் விழுந்தது. போலிஸ்காரர் மாதிரிக் கேட்டாள், உன்னை மாதிரிக் கேட்டாள். எனக்கு எல்லாம் நினைவிருந்தது, பிள்ளை. ஒரு நாள் தவறாமல் நினைவிருந்தது. ஒற்றையின் இரண்டு பக்கமும் நிறைந்தது. அடியில் தன் பேரை எழுதி, "நீங்களும் சைன் பண்ணுங்கோ" என்றாள். நான் தமிழில் என் முழுப்பேரையும் எழுதினேன். இரண்டு பேருமாய்ப் போய்ச் சந்தியில் உள்ள தபால் பெட்டியில் போட்டோம். திரும்பி வரும்போது ஸ்னோ உருகி வழுக்கியது. அவள் என் கையைப் பிடிக்கவில்லை, ஆனால் நான் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நடந்தாள்.

மறுமொழி இன்னும் வரவில்லை. வந்தால் அவள் வாசித்து ஒரு சொல்லும் விடாமல் எனக்குச் சொல்லுவாள். அந்த அம்மா என்னை ஏசியிருந்தால் அதையும் சொல்லுவாள்.

உன்னிடமும் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, வதனி. செத்த பிள்ளையைக் கோபிக்கிற தாய் என்று ஊர் சொல்லட்டும். நீ எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் தாங்கமாட்டேன் என்று நீயாகத் தீர்மானித்தாய். அதுகளுக்குச் சூடு வேண்டும் என்று நான் தீர்மானித்த மாதிரி. நீ சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். நீ எழும்பி இருந்து அந்தக் குளிசை மயக்கத்துக் குரலில் என்னை ஏசியிருப்பாய், நான் அழுதிருப்பேன், பிறகு நீயும் அழுதிருப்பாய். இருபத்தெட்டு நாளில் ஒரு நாளாவது நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்கு, ஒரே நேரத்தில் அழுதிருக்கலாம். அதற்குப் பதிலாய் நீ ஒரு பக்கம் பார்த்துச் சிரித்தாய், நான் ஒரு பக்கம் பார்த்துச் சிரித்தேன். எங்களுக்குக் கிடைத்த நேரத்தை இரண்டு பேருமாய் அப்படித்தான் செலவழித்தோம்.

ஆரணி உயரமாய் வளருகிறாள். முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. தலை பின்னிவிட இப்போது திரும்பவும் என்னிடம் வந்து இருக்கிறாள். நேற்று அப்படி இருந்தபோது முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்: "அம்மம்மா, அம்மாக்கு நொந்ததோ?"

பழைய நான் என்றால் இல்லை என்றிருப்பேன். சீப்பை மடியில் வைத்துவிட்டு, "ஓம் குஞ்சு, நொந்தது. கடைசிக் கிழமை நல்லாய் நொந்தது" என்றேன். அவள் என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள், நானும் அழுதேன். ஒருவரும் ஒருவரை அழவேண்டாம் என்று சொல்லவில்லை.

இனி இந்த வீட்டில் அப்படித்தான், பிள்ளை. அவள் எதைக் கேட்டாலும் எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுவேன். தெரியாததைத் தெரியாது என்பேன். என் உடம்புக்கு ஒன்று வந்தால் அவளுக்குத்தான் முதலில் சொல்லுவேன். இது உன் மேல் சத்தியம்.

உன்னைப் பெற்று, உன் சொல் கேளாமல் போன,
அம்மா